எந்த வரியில் இருக்கிறது படிமம்?

நம் ஊர் நூல் வெளியீடுகளில் ரொம்ப மலிவாகக் கிடைக்கும் சரக்கு படிமம். அடுத்தது குறியீடு. "இத்தொகுப்பு முழுக்கப் படிமங்கள் விரவிக் கிடக்கின்றன" என்று சொல்லாமல் மேடையிலிருந்து இறங்கிய பேச்சாளரை நான் அதிகம் பார்த்ததில்லை. சிறுகதைத் தொகுப்பு என்றால் தொன்மம், மாய யதார்த்தம். கொஞ்சம் புரியாமல் இருந்தால் இருக்கவே இருக்கிறது பின்நவீனத்துவம். எந்த வரியில், எந்தச் சொல்லில் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. கேட்டால், "அதெல்லாம் உணரணும் தம்பி" என்பார்கள்.

என் சண்டை இதோடுதான். ஒரு வரிக்குள் என்ன நடக்கிறது என்று காட்டுவதற்காக உண்டான கருவி கலைச்சொல். அதை நாம் பொன்னாடை ஆக்கிவிட்டோம். பொன்னாடைக்கு அளவு கிடையாது. எல்லார் தோளிலும் உட்காரும்.

இந்தப் பழக்கம் தமிழ்ப்பள்ளியில் 'செய்யுளும் மொழியணியும்' படிக்கும்போதே ஒட்டிக்கொள்கிறது. நகமும் சதையும் போல என்றால் நெருக்கம். காட்டுத்தீ போல என்றால் வேகமாகப் பரவுதல். பொருளை மனப்பாடம் செய், கோடிட்ட இடத்தை நிரப்பு, புள்ளி வாங்கு. ஏன் நகமும் சதையும்? நெருக்கமாக இருக்கிற பொருள் உலகத்தில் வேறு இல்லையா? நகத்தைப் பிய்த்துப் பாருங்கள், ரத்தம் வரும். பிரிந்தால் வலிக்கும் என்பதுதான் அந்த உவமையின் உயிர். விடைத்தாளில் இருப்பது 'நெருக்கம்' மட்டும். தேர்வுக்கு ஓடும் ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் உவமை என்றால் ஒரு சமன்பாடு, இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் அது என்ற புத்தி வளர்ந்த பிறகும் நம்மை விடவில்லை.

அதற்குச் சாட்சி பால்மரம். மரம் பால் தருகிறது, தொழிலாளி ரத்தம் தருகிறான். இதை எத்தனை கவிதையில் பார்த்தாயிற்று! ஒவ்வொரு முறையும் விமர்சகர் எழுந்து, "பால்மரம் இங்கே வலுவான குறியீடு" என்கிறார். இல்லைங்க. இது உவம உருபை முழுங்கிவிட்ட உவமை. அவ்வளவுதான்.

வித்தியாசத்தை நாலு வரியில் பார்த்துவிடலாம். "அப்பாவின் கை, வெட்டு விழுந்த பால்மரப் பட்டை போலச் சொரசொரத்தது" என்றால் உவமை. இரண்டு பொருள் தனித்தனியாக நிற்கிறது, நடுவில் 'போல'. "அப்பா என்ற பால்மரம் சாய்ந்தது" என்றால் உருவகம். இடைவெளி போய்விட்டது, அப்பாவே மரம். "பொழுது ஏறியபோது மங்கில் பாதி பால். அதில் ஓர் எறும்பு மிதந்தது" என்பது படிமம். இது எதைப் போல என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் நீங்கள் பார்த்துவிட்டீர்கள். குறியீட்டுக்கு மட்டும் ஒரு வரி போதாது. தோட்டம் விற்கப்பட்டு அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்ட பாட்டி, தினமும் விடியற்காலையில் பால்வெட்டும் கத்தியைத் தீட்டுகிறாள். வெட்ட மரமில்லை. கதையில் அந்தக் கத்தி முதலில் கத்தியாக இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வந்து, கதையின் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்ட பிறகுதான் அது குறியீடு.

தொல்காப்பியர் உவமைக்கு நான்கு அடிப்படைகள் சொல்கிறார்: வினை, பயன், மெய், உரு. செயலாலா, பயனாலா, வடிவாலா, நிறத்தாலா, எதனால் ஒப்பு என்ற கேள்வி அது. பால்மரக் கவிதையிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். மரம் தானாக எதையும் செய்வதில்லை, வெட்டுப்படுகிறது. தொழிலாளியோ வெட்டுகிறவன். ஆக வினையில் ஒப்பில்லை. வடிவும் நிறமும் பொருந்தவில்லை. மிஞ்சுவது பயன். யாருக்குப் பயன்? தோட்ட முதலாளிக்கு. அவன் கணக்குப் புத்தகத்தில்தான் மரமும் மனிதனும் ஒன்று. அப்படியென்றால் நம் கவிஞர் இத்தனை நாளும் யாருடைய கண்ணால் தொழிலாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்?

கவிதை தொடங்க வேண்டிய இடமே அந்தக் கேள்விதான். ஆனால் சமன்பாடு முடிந்ததும் கவிஞர் பேனாவை மூடிவிட்டார், விமர்சகரும் 'குறியீடு' என்று முத்திரை குத்திவிட்டார். காணாமல் போனது தோட்டத்து மனிதர்கள். பெரட்டுக்குப் பிந்திப்போய்ப் பேச்சு வாங்கியவர், காண்டா அழுத்தித் தோள் காய்ப்புப் பிடித்தவர், பட்டை நனைந்து வேலை நின்ற மழைநாளில் சம்பளத்தை நினைத்துக் கவலைப்பட்டவர் எல்லாரும் 'மரம்' ஆகிவிட்டார்கள்.

மாய யதார்த்தமும் இதே கதைதான். கதையில் முனி வந்தால் போதும், அந்தப் பேரை ஒட்டிவிடுகிறோம். மார்க்கேஸிடம் அதிசயம் அன்றாடத்தின் அதே குரலில் சொல்லப்படுகிறது. நம் கதையில் முனியைப் பார்த்ததும் எல்லாரும் அலறி ஓடினால் அது பேய்க்கதை. அதில் கேவலம் ஒன்றுமில்லை. நல்ல பேய்க்கதை எழுதுவதும் லேசில்லை.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. "கலைச்சொல்லே வேண்டாம், ரசிச்சா போதும்." இதையும் நான் ஏற்க மாட்டேன். சொல் இல்லாவிட்டால் 'நல்லா இருக்கு', 'சூப்பர்' ரெண்டோடு பேச்சு முடிந்துவிடும். இரண்டு கவிதைகள் வேறு வேறு விதமாக நன்றாக இருப்பதை எப்படிச் சொல்வீர்கள்? சொல்லை வீசுகிறவரும் சரி, சொல்லே வேண்டாம் என்கிறவரும் சரி, வரியை நின்று வாசிக்கும் வேலையிலிருந்துதான் தப்பிக்கிறார்கள்.

இளம் வாசகர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை யாராவது 'படிமம்' என்றால் கையைத் தூக்கி, "எந்த வரிங்க?" என்று கேளுங்கள். மரியாதையாகவே கேளுங்கள். காட்டினால் கற்றுக்கொள்ளுங்கள். காட்டவில்லையென்றால், வாசிக்காமல் வந்தவர் யார் என்று சபைக்கே தெரிந்துவிடும். உங்கள் முதல் தொகுப்பையே ஒருவர் அப்படிப் புகழ்ந்தாலும் இதே கேள்வியைக் கேளுங்கள். உங்கள் வரி ஒன்றைக்கூடச் சொல்ல முடியாதவரின் பாராட்டை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?