அட்டை ஆட்டத்தைக் கெடுக்கிறதா?

"எல்லாம் கற்பனைதானே, அதற்கு எதற்குப் பாதுகாப்பு விதி?" டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போல வேடமேற்று ஆடும் ஆட்டங்களைப் பற்றி இப்படிக் கேட்பவர்கள், அந்த ஆட்டத்தின் சுவையையே மறுக்கிறார்கள். கற்பனை மனதைத் தொடாதென்றால் மணிக்கணக்கில் மேசையைச் சுற்றி உட்காருவானேன்?

பாத்திரத்தின் கோபமும் துயரமும் ஆடுபவருக்குள் கசிவதை, ஆட்ட வடிவமைப்பாளர் எமிலி கேர் பாஸ் 2007இல் 'பிளீட்' என்றார். நார்டிக் நாடுகளில் லார்ப் எனப்படும், பாத்திரத்தை உடலாலேயே நடித்து ஆடும் ஆட்டத்தின் ஆட்டக்காரர்களில் பலர் இந்தக் கசிவை வேண்டுமென்றே தேடிப் போகிறவர்கள். ஆட்டத்தை நிறுத்தும் சொல்லையும், முடிந்தபின் உட்கார்ந்து பேசும் நேரத்தையும் வைத்திருப்பதும் அவர்கள்தான். கோழைகளா அவர்கள்?

ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய எக்ஸ் அட்டையைப் பாருங்கள். மேசை நடுவே ஓர் அட்டை, அதில் ஒரு பெருக்கல் குறி. யாராவது தொட்டால் அந்தக் காட்சி கைவிடப்படும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. குறை இல்லாமல் இல்லை: உறைந்துபோனவரின் கை அட்டைவரை நீளாமல் போகலாம். அதனால்தான் ரான் எட்வர்ட்ஸ் 2003இலேயே முன்வைத்த ஏற்பாடும் தேவைப்படுகிறது. எது கதையில் வரவே கூடாது, எது திரைமறைவில் நடந்து போகலாம் என்று தொடங்குமுன்பே பேசிக்கொள்வது.

"தாங்காதவர்கள் வர வேண்டாம்" என்பது, ஏற்கெனவே இடம் பிடித்தவர்களின் வசதிக்கான பேச்சு. கதை நடத்துபவர்களே, அடுத்த ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி எல்லோரையும் கேளுங்கள்.