அடுத்த கொல்லை எலுமிச்சை

எங்கள் தென்னேரி வீட்டுக் கொல்லையில் ஓர் எலுமிச்சை மரம் உண்டு. என் தாயார் கையால் நட்டது. ஊறுகாய்க்கும் பானகத்துக்கும் அம்மன் மாலைக்கும் அதன் காய்தான். இரண்டு வருஷங்களுக்கு முன் அதன் இலைகளில் பழுப்பு நிறமான சொரசொரப்புப் புள்ளிகள் தோன்றின. காயின் தோலிலும் சொறி பிடித்தது. “சாறு நன்றாகத்தானே இருக்கிறது!” என்று அசட்டையாக இருந்துவிட்டேன். அதோடு நின்றேனா? அடுத்த வீட்டு அம்மாள் கேட்டாரென்று அந்த மரத்திலிருந்தே ஒரு பதியன் போட்டுக் கொடுத்தேன். இன்று அவர் கொல்லையிலும் அதே சொறி. இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் எனக்கு இந்தப் பாடம் தெரியாமற் போயிற்று.

இச்சொறி, பாக்டீரியா என்னும் நுண்கிருமியால் வருவது. மழைத்துளி தெறித்தும், காற்றோடு சாரலாகப் பறந்தும், நோயுற்ற கன்றின் மூலமாகவும் பரவும். இலையில் வெள்ளிக் கோடு கிழித்துச் செல்லும் இலைதுளைப்பான் புழு, அதற்கு வாசலைத் திறந்து வைக்கிறது.

சென்னை மாகாணத்தில் 1919-ஆம் ஆண்டிலேயே பயிர்ப் பூச்சிகளையும் நோய்களையும் பற்றி ஒரு சட்டம் செய்தார்கள். சர்க்கார் ஒரு நோயைக் குறித்து அறிக்கை வெளியிட்டால், உத்தியோகஸ்தர் நிலத்தில் பிரவேசித்துப் பார்வையிடலாம். செய்ய வேண்டியதைச் சொல்லலாம். உடையவர் செய்யாவிடில் தாமே செய்து செலவை வசூலிக்கலாம். ‘என் மரம், என் இஷ்டம்’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

ஆனால் சட்டம் மட்டும் போதுமா? அமெரிக்காவில் ப்ளோரிடா மாகாணத்து மயாமி நகரின் வீட்டுத் தோட்டங்களில் 1995-இல் இதே சொறி காணப்பட்டது. நோயுற்ற மரத்தைச் சுற்றி 1,900 அடிக்குள் இருந்த எலுமிச்சை, ஆரஞ்சு இன மரங்களையெல்லாம், நோயற்றவற்றையும் சேர்த்தே வெட்ட 2000-இல் விதித்தார்கள். வீட்டுக்காரர்கள் சினந்து நியாயஸ்தலம் ஏறினார்கள். 2004, 2005-ஆம் ஆண்டுப் புயல்கள் கிருமியை வாரி இறைத்தன. 2006-இல் அம்முயற்சியே கைவிடப்பட்டது. பார்வையிட வருபவரை நம்பிக் குடித்தனக்காரர் கொல்லைக் கதவைத் திறக்காவிட்டால், கோடாலியால் ஒன்றும் ஆவதில்லை.

நல்ல வேளையாக, நம் மரங்களை வேரோடு வெட்ட வேண்டியதில்லை. மழைக்காலத்துக்கு முன்பே நோயுற்ற கிளைகளைக் கழித்து எரித்துவிடுங்கள். 10 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 10 கிராம் சுட்ட சுண்ணாம்பை மற்றோர் அரை லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, ஒன்றாகக் கலந்து அன்றே தெளியுங்கள். இரும்புப் பாத்திரம் மட்டும் உதவாது. சந்தேகமிருந்தால் ஓர் இலையோடு தோட்டக்கலை அலுவலரிடம் செல்லுங்கள். அவர் வந்தால் கொல்லைக் கதவைத் திறந்து விடுங்கள். நோயுள்ள மரத்திலிருந்து கன்று கொடுப்பது மட்டும் ஒருபோதும் வேண்டாம்.

எங்களூர்ப் பெரிய ஏரிக்கரையில் நண்டு வளை கண்டால், அது யார் வயலுக்கு எதிரே என்று கேட்டு நிற்பவர் உண்டோ? கரை உடைந்தால் எல்லாருக்கும் நஷ்டம். கொல்லை மரமும் அப்படியே. மரம் நம்முடையது, நோய் ஊருடையது.

நேற்று அடுத்த வீட்டு அம்மாளிடம் என் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்தார்.

“கன்றைக் கொடுத்தது நீங்கள்தானே, வாத்தியாரே? மருந்தையும் நீங்களே வந்து அடித்துவிட்டுப் போங்கள்” என்றார்.