விவரம் யாருக்கு?

மத்திய சர்க்காரின் நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழுவொன்று, செல்போன் முதலிய மின்னணுச் சாதனங்களுக்குப் பழுதுநீக்கக் குறியீடு வழங்குவதற்கான திட்டத்தை வகுத்து, 2025 மே மாதத்தில் தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. அடுத்த மாதம் 20-ஆம் தேதி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் செல்போன்களின் வடிவமைப்பைப் பற்றிய புதிய விதிகள் அமலுக்கு வந்தன. அங்கேயே பேட்டரிகளுக்கென்று இயற்றிய தனிச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு 2027 பிப்ரவரி 18 முதல் அமலாக வேண்டியது. இத்தகைய அறிக்கைகள் வெளியாகும்போது, அவை நடைமுறையில் என்ன உருவம் எடுக்கின்றன என்று பொறுத்திருந்து பார்த்த பின்பே அபிப்பிராயம் கூறுவது இப்பத்திரிகையின் வழக்கமாயினும், இந்தக் குறியீடு நாம் கையில் ட்வீஸரும் ஹாட் ஏரும் பிடித்துச் செய்கிற தொழிலின் அஸ்திவாரத்தையே தொடுவதாகையால், அது விதியாக உறைந்துவிடுவதற்கு முன்பே நம் நிலையைச் சொல்லிவிடக் கடமைப்பட்டிருக்கிறோம்.

குழு சொல்லும் ஆறு அளவைகள் வாசகர்கள் அறிந்தவை. ஒரு பாகத்தை அடைய எத்தனை படி கழற்ற வேண்டியிருக்கிறது, பழுதுநீக்க விவரங்கள் கிடைக்கின்றனவா, உதிரிபாகங்கள் நியாயமான காலத்துக்குள் வந்து சேருமா, மென்பொருள் புதுப்பிப்பு எப்படி, வேண்டிய கருவிகள் எவை, திருகு முதலிய இணைப்புகள் எந்த ஜாதி என்பன அவை. அளவுகோல் ஒன்றின் யோக்கியதையைச் சோதிக்க வேண்டுமானால், நாம் நன்றாக அறிந்த ஒரு பொருளின்மேல் அதை வைத்துப் பார்ப்பதே உசிதம். ஆகவே, 2006 செப்டம்பரில் நியூயார்க்கில் அறிமுகமாகி 2007 மார்ச்சில் விற்பனைக்கு வந்த நோக்கியா என்95-ஐ எடுத்துக்கொள்கிறோம். காமிரா, பாட்டுப் பெட்டி, வழிகாட்டி, இணையம் என்று தனித்தனியே சட்டைப்பையில் சுமந்தவற்றையெல்லாம் ஒரே உறைக்குள் திணித்து, அவ்வாறு திணிப்பதால் வரும் தொல்லைகளையும் முதன்முதலில் நம் மேஜைக்குக் கொண்டுவந்த சாதனம் அது.

அந்நாளில் அதன் அம்சங்கள் பிரமிக்கத்தக்கவையாக இருந்தன. கார்ல் ஸைஸ் டெஸ்ஸார் லென்ஸோடு கூடிய 5 மெகாபிக்ஸல் காமிரா, வினாடிக்கு 30 சட்டம் வீதம் விஜிஏ அளவில் படம் பிடிக்கும் திறன், ஜிபிஎஸ், வைஃபை, 3.5 மில்லிமீட்டர் ஆடியோ ஜாக், அதே ஜாக்கின் வழியாகத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் படம் அனுப்பும் வசதி, ஒரு பக்கம் தள்ளினால் எண்களும் மறுபக்கம் தள்ளினால் பாட்டுக்கான பட்டன்களும் வெளிப்படும் இருவழி ஸ்லைடர் ஆகியவை எல்லாம் 120 கிராம் எடைக்குள் அடங்கியிருந்தன. ஆனால் அம்சம் என்பது வேறு, அன்றாட உபயோகம் என்பது வேறு. 950 மில்லியாம்பியர் மணி கொண்ட பிஎல்-5எஃப் பேட்டரி, வைஃபையும் ஜிபிஎஸ்ஸும் ஓடும் நாளில் மாலைவரை தாக்குப்பிடிக்கவில்லை. ஜிபிஎஸ் ஆன்டெனா எண் பட்டன்களுக்கு அடியில் அமைந்திருந்ததால், ஸ்லைடரைத் திறந்து வானத்தை நோக்கிப் பிடித்துக்கொண்டு நிமிஷக்கணக்கில் காத்திருந்தால்தான் இடம் தெரிந்தது. 64 எம்பி ரேமில், போன் இயங்கத் தொடங்கிய பின் உபயோகிப்பவருக்கு எஞ்சியது ஏறத்தாழ 20 எம்பிதான். வரைபடத்தைத் திறந்தால் பின்னணியில் இருந்த பிரவுஸர் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடும். மினி யுஎஸ்பி துவாரம் இருந்தும் அதன் வழியே சார்ஜ் ஏறாது. அதற்கு 2 மில்லிமீட்டர் பின் தனியாக வேண்டும்.

இக்குறைகளில் இரண்டை மென்பொருள் தீர்த்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். துணைத் தகவலைக் கம்பியில்லா வலையமைப்பின் வழியே பெற்று ஜிபிஎஸ் விரைவில் இடத்தைக் கண்டறியும் முறை ஒரு புதுப்பிப்பில் வந்தது. நிரல் முழுவதையும் ரேமில் ஏற்றாமல், வேண்டிய பக்கங்களை வேண்டும்போது மட்டும் ஏற்றிக்கொள்ளும் டிமாண்ட் பேஜிங் மற்றொன்றில் வந்தது. அதற்குப் பின், போர்டில் ஒரு ஐசியும் மாறாமலேயே, அந்தப் போன் வேறொரு போனாக நடந்துகொண்டது. தொடக்ககாலப் புதுப்பிப்புகள் உள்ளே இருந்த எண்களையும் செய்திகளையும் அழித்துவிட்டன என்பது உண்மையே; ஆயினும், குழு தன் ஆறில் ஒன்றாக மென்பொருளைச் சேர்த்தது சரி என்பதற்கு இதைவிடச் சிறந்த சாட்சி நம் அனுபவத்தில் இல்லை.

கழற்றும் ஆழத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பின்மூடியை நகத்தால் நெம்பினால் பேட்டரி கையில் வந்துவிடும். டிஸ்ப்ளே தனி, மேலே இருக்கும் கண்ணாடி தனி. கண்ணாடியில் கீறல் விழுந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றினோம். அடிக்கடி நம்மிடம் வந்தது ஸ்லைடரின் ஃப்ளெக்ஸ்தான். இருபுறமும் வளைந்து வளைந்து அதன் தடங்கள் அறுந்துபோவது அமைப்பிலேயே உள்ள பலவீனம். இருந்தாலும் திருகுகளைக் கழற்றி, பழையதை எடுத்து, புதியதைச் செருகி மூடிவிட்டால் வேலை முடிந்தது. பசையும் இல்லை, வெப்பமும் இல்லை.

பேட்டரி விஷயத்தில் இதன் மதிப்பை உலகம் 2007 ஆகஸ்டில் கண்டது. மட்சுஷிடா நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை தயாரித்த பிஎல்-5சி பேட்டரிகள், சார்ஜ் ஏறும்போது அளவுமீறிச் சூடாகக்கூடும் என்று நோக்கியா எச்சரித்தபோது, சந்தேகத்துக்கு உள்ளானவை 4 கோடியே 60 லட்சம். அத்தனை பெரிய தொகையை எந்தச் சேவை மையத்தாலும் திறந்து பார்த்திருக்க முடியாது. ஜனங்களே மூடியைக் கழற்றி, பேட்டரியின் எண்ணைப் படித்து, மாற்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள், போன் அவர்களிடமே இருந்தது. 2016-இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பற்றிய சமயத்தில், பேட்டரியைத் தனியே பிரிக்க வழியில்லாத காரணத்தால், முதற்கட்டத்திலேயே சுமார் 25 லட்சம் போன்களை முழுதாகத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஐரோப்பியரின் 11-ஆவது பிரிவு, பழைய ஏற்பாட்டின் அந்தச் சௌகரியத்தை மீட்க முயல்கிறது. 1000 சுற்றுக்குப் பிறகும் 80 சதவிகிதக் கொள்ளளவும், நீர்புகாத் தன்மையும் உடைய போன்களுக்கு அங்கத்திய செல்போன் வடிவமைப்பு விதிகளில் விலக்கு இருப்பதால், விலை உயர்ந்த மாடல்கள் பெரும்பாலும் அந்த வாசல் வழியே தப்பிவிடும் என்றே எண்ணுகிறோம். அது அவர்கள் கவலை.

நம் கவலை ஆறு அளவைகளுள் இரண்டாவதான பழுதுநீக்க விவரத்தைப் பற்றியது. இப்பத்திரிகை தொடங்கிய நாள் முதல் நாம் திரும்பத் திரும்ப எழுதிவரும் விஷயம் இதுவே என்பதைப் பழைய வாசகர்கள் அறிவார்கள். சலிப்புத் தட்டினாலும் மீண்டும் எழுதுவதைத் தவிர எங்களுக்கு வேறு மார்க்கமில்லை.

என்95 ஏன் அத்தனை வருஷம் உயிரோடு இருந்தது? அதன் உறுதியினால் அன்று. உதிரிபாகங்கள் தாராளமாகக் கிடைத்ததால் மட்டும் அன்று. ஆர்எம்-159 என்ற எண்ணிட்ட அந்தப் போர்டில், எந்த இடத்தில் என்ன வோல்டேஜ் நிற்க வேண்டும், எந்த ஐசியிலிருந்து எந்தத் தடம் எங்கே போகிறது என்பது ரிச்சி தெருவின் மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருந்தவனுக்கும் தெரிந்திருந்ததனால்தான் அது உயிரோடு இருந்தது. ஆனால் அவனுக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்டால், அங்கேதான் தலைகுனிய வேண்டியிருக்கிறது. மூன்றாம், நான்காம் நிலைச் சர்வீஸ் மானுவல்கள் அங்கீகாரம் பெற்ற மையங்களுக்கு மட்டுமே உரியவை என்ற எச்சரிக்கையோடுதான் அச்சாயின. அவை பிரதிக்குப் பிரதி எழுத்து மங்கி, கோடு கலைந்து, யார் கையிலிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்காமலே ஊர் ஊராகப் பரவின. சுவடியைப் பரணில் பூட்டிவைத்த வைத்தியர் வீட்டிலிருந்து, எவனோ இரவில் எழுதிக்கொண்டுபோன ஏட்டைப் படித்து வைத்தியம் கற்றது போலத்தான் ஒரு தலைமுறை டெக்னீஷியன்கள் இத்தொழிலைக் கற்றார்கள். கற்றது பிழையில்லை, திருடனைப் போலக் கற்க வேண்டி வந்ததே, அந்த அவமானத்துக்கு யார் பொறுப்பு?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்று பாகப் பிணைப்பு என்று நாம் நொந்துகொள்ளும் வழக்கத்தின் விதை, என்95 முதலிய நோக்கியா போன்களில் இருந்த பிபி5 போர்டுகளிலேயே இருந்தது. முக்கியமான ஐசியை மாற்றினால், நோக்கியாவின் எஸ்எக்ஸ்4 அட்டையின் அனுமதியின்றிப் போன் விழிக்காது. ‘சேவை மையத்தை அணுகவும்’ என்று திரையில் எழுதிக்காட்டிவிட்டு நின்றுவிடும். ஐஎம்இஐ எண்ணை மாற்றி மோசடி செய்வதைத் தடுக்க அப்பூட்டு வேண்டியிருந்தது என்பதை நேர்மையுள்ள எந்த டெக்னீஷியனும் மறுக்கமாட்டான். ஆனால் அது போர்டின் மையத்தில் இருந்த பூட்டு. இன்றோ, சில போன்களில், அதே கம்பெனியின் அதே மாடலிலிருந்து கழற்றிய அசல் டிஸ்ப்ளேயை மாற்றினால் நிறச் சீரமைப்பு போய்விடுகிறது. அசல் பேட்டரியை மாற்றினால் அதன் ஆரோக்கியம் தெரியாமல் மறைந்துவிடுகிறது. வாடிக்கையாளரோ நாம் போலிச் சரக்கை வைத்து ஏமாற்றிவிட்டோமென்று முகத்தைச் சுளிக்கிறார். எந்த மோசடியைத் தடுக்க இந்தப் பூட்டு? குழுவின் முதல் அளவை, ஒரு பாகத்தை எத்தனை படியில் கழற்றலாம் என்று எண்ணுகிறது. கழற்றி மாட்டிய பின் போன் அதை ஏற்றுக்கொள்கிறதா என்பதே எங்கள் மேஜையின் கேள்வி. நாலே திருகில் கழன்று, பூட்டி முடித்ததும் அசலை அந்நியமென்று தள்ளும் போனுக்கு முதல் அளவையில் முழு மதிப்பெண் கிடைக்குமானால், அந்தக் குறியீடு யாரைக் காப்பாற்றப் போகிறது?

அதற்கும் மேலாக, மதிப்பெண்ணைத் தயாரிப்பாளரே தனக்குத்தானே அறிவித்துக்கொள்ளலாம் என்கிறது திட்டம். கூடுதல் சுமை அவர்களுக்கு வரக்கூடாதாம். சுமையைப் பற்றி இத்தனை கரிசனம் கொண்ட அதிகாரிகள், ஒரு டெட் செட்டை முன்னால் வைத்துக்கொண்டு, சர்க்யூட் தெரியாமல் மல்டிமீட்டரோடு மூன்று மணி நேரம் தட்டித் தடவுகிறவனின் சுமையை என்றைக்காவது நினைத்துப் பார்த்ததுண்டா? 2022 டிசம்பர் 24-இல் பழுதுநீக்க உரிமைக்கென்று ஒரு தளத்தைத் திறந்தார்கள், மகிழ்ந்தோம். அதில் செல்போனுக்கு விவரம் தேடிப் போகிறவன், சுற்றிச் சுற்றி அங்கீகாரம் பெற்ற மையங்களின் முகவரிகளுக்கே வந்து சேருகிறான். இதே சர்க்கார்தான், திறன் வளர்ச்சித் திட்டங்களின் கீழ், ‘மொபைல் போன் ஹார்டுவேர் ரிப்பேர் டெக்னீஷியன்’ என்று ஒரு தகுதியை வகுத்து, பாடத்திட்டம் எழுதி, பயிற்சி கொடுத்து, பரீட்சை வைத்து, முத்திரை குத்திச் சான்றிதழ் வழங்குகிறது. சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்ட அந்தப் பிள்ளை மறுநாள் காலையில் கடையைத் திறக்கும்போது, எந்தக் கம்பெனியும் அவனுக்கு ஒரு சர்க்யூட் வரைபடத்தை, கிரயத்துக்குக்கூடத் தருவதில்லை; தரவேண்டும் என்று சொல்ல அந்தச் சர்க்காருக்கு நா எழவில்லை. எதைப் பழுதுபார்ப்பதற்காக அவனைப் பயிற்றினார்கள்?

ஐரோப்பிய விதிகள் இந்த இடத்தில் ஒரு படி முன்னே நிற்கின்றன. போர்டு வரைபடங்கள், இணைப்புப் படங்கள், பிழைக் குறியீடுகள், பிணைக்கப்பட்ட பாகங்களை ஏற்கச் செய்யும் மென்பொருள் ஆகியவற்றைத் தொழில்முறைப் பழுதுநீக்குவோருக்கு அளிக்க வேண்டுமென்று அவை பெயர் சொல்லிக் கட்டளையிடுகின்றன. ஆனால் அவற்றைப் பெற விரும்புகிறவர், தமக்குத் தொழில்நுட்பத் திறன் உண்டென்றும், நஷ்டத்துக்கு ஈடுகட்டும் இன்ஷூரன்ஸ் உண்டென்றும் காட்டும்படி தயாரிப்பாளர் கேட்கலாம். அந்த நிபந்தனை அப்படியே இங்கே இறக்குமதியாகுமேயானால், எட்டடிக்கு ஆறடிக் கடையில் உட்கார்ந்து, நாட்டின் செல்போன்களில் பெரும்பகுதியை ஓடவைத்துக்கொண்டிருப்பவர்கள் அனைவரும் ஒரே நாளில் தகுதியற்றவர்களாகிவிடுவார்கள். சர்க்கார் தானே கொடுத்த சான்றிதழையே போதிய தகுதியாகக் கொள்ள வேண்டும். அதற்கு மேல் கேட்பது அநியாயம்.

ஆகவே குறியீட்டை நாம் ஆதரிக்கிறோம். இப்போதுள்ள வடிவில் ஆதரிக்கவில்லை. பழுதுநீக்க விவரம் என்ற அளவைக்கு, சர்க்யூட் வரைபடத்தைச் சுதந்திர டெக்னீஷியனுக்குத் தராத கம்பெனி பூஜ்யமே பெற வேண்டும். அங்கீகாரம் பெற்ற மையத்துக்குத் தந்திருக்கிறோம் என்ற சமாதானத்துக்கு அரை மதிப்பெண்கூடக் கூடாது. அசல் பாகத்தை ஏற்க மறுக்கும் மாடலுக்குக் கழற்றும் ஆழத்தில் பெற்ற மதிப்பெண் கழிக்கப்பட வேண்டும். ஆறு எண்களைக் கூட்டி ஒன்றாக்கிப் பெட்டியின்மேல் ஒட்டினால், திருகில் சம்பாதித்ததை வைத்து விவரத்தில் இழந்ததை மறைத்துவிடலாம். எனவே விவரத்துக்கான மதிப்பெண்ணைத் தனியாக அச்சிட வேண்டும். இம்மூன்றையும் வற்புறுத்தும் மனுவொன்றை நுகர்வோர் விவகாரத் துறைக்கு அனுப்ப இருக்கிறோம். அதன் பிரதி இவ்விதழின் நடுப்பக்கத்தில் இருக்கிறது. வாசகர்கள் கையொப்பத்தோடு, தாங்கள் பெற்ற பயிற்சிச் சான்றிதழின் எண்ணையும், விவரம் கேட்டு எந்தெந்த மாடலுக்கு மறுக்கப்பட்டார்கள் என்பதையும் எழுதி, அடுத்த இதழ் அச்சேறுவதற்குள் அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கும்படி வேண்டுகிறோம்.