வாசற்படியில் நிற்பவர்

துன்பகாலத்தில் கடவுளை மறந்தவர்கள் சிலரே. துன்பம் நீங்கியபின் மறந்தவர்களோ அநேகர். வன்னி நிலத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இதனை எடுத்துரைக்கப் புத்தகம் எதுவும் வேண்டியதில்லை.

2009 ஆம் ஆண்டின் முற்பகுதியில், கிளிநொச்சியிலிருந்து கிழக்கே கடற்கரை நோக்கி ஒதுங்கிய மக்கள் பதுங்குகுழிகளினுள் முழந்தாளிட்டார்கள். முள்ளிவாய்க்காலில் அரிசியும் உப்பும் நீருமாய்க் காய்ச்சிய கஞ்சியைப் பகிர்ந்து குடித்தார்கள். பின்னர், வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தில், மெனிக் பாம் முகாமின் முட்கம்பி வேலிக்குள் 2,00,000 பேருக்கு மேல் அடைபட்டிருந்த நாள்களில், தறப்பாளின் கீழே மாலைதோறும் ஜெபித்த குடும்பங்கள் உண்டு. ஆலயம் இல்லை, மணி இல்லை, பாட்டுப் புத்தகமும் பலரிடம் இல்லை. ஆயினும் ஜெபம் இருந்தது.

2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது. ஊர் திரும்பினோருள் பலருக்குக் கல்வீடு அமைந்தது. ஆலயங்கள் மீண்டும் கூரை கண்டன. இவை நன்றியோடு ஏற்கவேண்டிய நன்மைகளே. வீட்டுக்கு ஓடு போடுவது பாவம் என்று சொல்ல நான் வரவில்லை. காணாமற்போன பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு 2017 முதல் கிளிநொச்சியில் போராடிவரும் தாய்மாரைக் குறித்தும் இதனை எழுதவில்லை. அவர்களுடைய ஜெபம் ஆறிப்போகவில்லை. ஆறிப்போனது நம்முடையது.

அழிந்து, மறுபடியும் கட்டியெழுப்பப்பட்ட ஊர் ஒன்று வேதத்திலும் உண்டு. அதுவே லவோதிக்கேயா. கி.பி. 60 அளவில் பூகம்பத்தால் இடிந்த அந்நகரம், அரசின் உதவியின்றித் தன் சொந்தச் செல்வத்தாலேயே எழுந்து நின்றது என்று ரோமச் சரித்திராசிரியர் தாசிட்டஸ் எழுதிவைத்துள்ளார். வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு சபைகளுக்கு எழுதப்பட்ட நிருபங்களுள் கடைசியானது இவ்வூர்ச் சபைக்கு உரியது. விக்கிரக வணக்கமோ கள்ளப் போதகமோ அச்சபையின்மீது சாட்டப்படவில்லை. குளிருமின்றி அனலுமின்றி இருக்கிறது, தனக்கு ஒன்றும் குறைவில்லை என்று எண்ணுகிறது என்பதே குற்றம். எவரும் கண்டு திடுக்கிடாத குற்றம்!

அயலூராகிய எராப்போலியில் வெந்நீர் ஊற்றுகள் இருந்தன. லவோதிக்கேயாவுக்கோ தொலைவிலிருந்து குழாய் வழியே நீர் வரவேண்டியிருந்தது. இன்றைய துருக்கியில், அந்நகரத்தின் இடிபாடுகளிடையே அந்தக் குழாய்களைக் காணலாம். உட்புறமெங்கும் சுண்ணம் தடித்துப் படிந்திருக்கிறது. நம் பகுதியில் உவர்க் கிணற்று நீரைக் காய்ச்சும் கேத்தலின் அடியைப் பார்த்த எந்தப் பெண்மணிக்கும் இது விளங்கும். ஒரு நாளில் படிவதன்று அது. நேற்றும் நீர் வந்தது, இன்றும் வருகிறது. துவாரம் மாத்திரம் சுருங்கிக்கொண்டே போகிறது. ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறோம், காணிக்கை போடுகிறோம், திருவிருந்திலும் பங்குகொள்கிறோம். ஆகையால் அடைப்பு நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

அந்நிருபத்தில் என்னை எப்பொழுதும் நாணச் செய்வது, கிறிஸ்து நிற்கும் இடமே. கதவைத் தட்டுகிறவராக அவர் வெளியே நிற்கிறார். அந்நியர் வீட்டுக் கதவன்று. தம்முடைய சபையின் கதவு. உள்ளே வந்தபின் அவர் கணக்குக் கேட்கப்போவதாகச் சொல்லவில்லை. கூட அமர்ந்து உண்பதாகவே சொல்லுகிறார். அத்தேசத்தில் இராப்போசனம் அவசரமின்றி, பேசிப் பேசி உண்ணும் உணவு. கஞ்சியைப் பகிர்ந்த நாள்களில் நம்மோடு அமர்ந்திருந்தவரை, சோறும் கறியும் வந்தபின் வெளியில் நிறுத்திவிட்டோமோ?

அண்மையில் நான் அறிந்த ஒரு வீட்டில் நடந்தது இது. பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மகள், சாப்பாட்டு வேளையில் தாயிடம், “அம்மா, முகாமில் இருக்கையில் ஒவ்வொரு நாளும் ஜெபம் செய்தோமே, இப்போது ஏன் செய்வதில்லை?” என்று கேட்டாள். முகாமில் இருந்தபோது அவளுக்கு ஆறு வயது. தாய் மறுமொழி சொல்லவில்லை. தகப்பனார் எழுந்துபோய்த் தொலைக்காட்சியை நிறுத்தினார். பாய் விரித்து நால்வரும் அமர்ந்தார்கள். எப்படித் தொடங்குவதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஈற்றில் தகப்பனாரே பரமண்டல ஜெபத்தைத் தொடங்கி, நடுவில் தடுமாறி நின்றார். மகள் அடியெடுத்துக் கொடுத்தாள். அதன்பின் தாய் பேசத் தொடங்கினாள். பத்துப் பதினைந்து வருஷங்களாக ஆண்டவரிடம் சொல்லாதவற்றையெல்லாம் சொன்னாள். அவள் முடிக்கையில் சோறு ஆறிப்போயிருந்தது. ஆறிய சோற்றையே உண்டார்கள்.