பலகையின் முன் இரு பெண்மணிகள்

2025-ம் வருஷம் ஜூலை மாதம் 28-ந் தேதி ஜார்ஜியா தேசத்துப் பதூமி நகரில், பெண்கள் உலகக் கோப்பைச் சதுரங்க இறுதிப் பந்தயம் முடிவுற்றது. அதில் எதிரெதிரே அமர்ந்த இருவரும் பாரத தேசத்துப் பெண்மணிகளே. நாகபுரி திவ்யா தேஷ்முக்குக்கு வயது 19. ஆந்திர நாட்டுக் கோனேரு ஹம்பிக்கு 38. நிதான ஆட்டங்கள் இரண்டும் சமனாயின. விரைவாட்டத்தில் முதலாவதும் அவ்வாறே. கடைசி ஆட்டத்தில் நேரம் நெருக்கவே, ஹம்பி பிழை செய்தார். கறுப்புக் காய்களைக் கொண்டு ஆடிய திவ்யா வெற்றியுடன் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தையும் பெற்றார்.

வென்றவரைப் போற்றும் நாம் தோற்றவரை மறத்தல் தகாது. ஹம்பி 2002-லேயே, தம் 15-வது வயதில், அப்பட்டம் பெற்றவர். 2017-ல் தாயானார். அதன் பிறகே 2019-லும் 2024-லும் உலக விரைவாட்டப் பட்டம் அவரைச் சேர்ந்தது. மணமான பின் பெண்ணுக்கு அடுப்பங்கரையே உலகம் என்போர் இதற்கு என்ன விடை கூறுவர்?

இவ்வழி தானாகத் திறந்ததன்று. 1976-ல் ரோஹிணி காடில்கர் என்னும் சிறுமி தேசீய ஆடவர் பந்தயத்தில் இறங்கியபோது ஆட்சேபம் கிளம்பிற்று. பெண்ணென்பதற்காக விலக்கலாகாதென்று சர்வதேசச் சதுரங்கச் சங்கத் தலைவர் மாக்ஸ் யூவே தீர்ப்புச் செய்தார். நம் சென்னையிலோ வைஷாலி, பிரக்ஞானந்தா என்னும் தமக்கையும் தம்பியும் கிராண்ட்மாஸ்டர்கள் ஆயினர். உலகில் அதற்கு முன் இவ்வாறு நிகழ்ந்ததில்லை. அவ்வீட்டில் முதலில் ஆடக் கற்றவர் தமக்கையே என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இதனால் எங்கள் ஊருக்கென்ன என்று திருப்பூரை அடுத்த அவிநாசிபாளையத்து நண்பர் கேட்கலாம். பெற்றோர் இருவரும் பனியன் கம்பெனிக்குச் செல்லும் வீட்டில், பள்ளி விட்டு வந்த பையன் விளையாடப் போகிறான். பெண் குழந்தையோ குடத்தையும் துடைப்பத்தையும் எடுக்கிறாள். அவளுக்குக் குறைவாயிருப்பது அறிவன்று, ஓய்வே. ஒரு பலகையும் 32 காய்களும் விலையால் அரியவையல்ல. ஊராட்சியாரும் முதலாளிமாரும் ஊர்தோறும் ஓரிடம் அமைத்துப் பெண்களுக்குப் பந்தயம் நடத்த முன்வரவேண்டும். ஆனால் அவள் ஆடுவதற்கு வேண்டிய ஒரு மணி நேரத்தை ஊராட்சி அளிக்க முடியாது, தகப்பன்மாரே அளிக்கவேண்டும். மேடைதோறும் பெண்ணுரிமை பேசும் தேசாபிமானிகள் அக்கைங்கரியத்தை இன்று மாலை தத்தம் வீட்டிலேயே தொடங்குவார்களாக.