‘மீண்டேன்’ என்று எழுத மாட்டேன்

சென்ற வாரம் எங்கள் துறையின் மாணவர் மன்றத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. மனநல வாரத்தில் அரை மணி நேரம் பேச வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே தந்திருந்தார்கள்: ‘மன உறுதியால் மீண்டேன்’. சூதாட்டத்திலும் கடனிலும் நான் சிக்கிய கதை வளாகத்தில் பலருக்கும் தெரியும். தெரியாதோர் இப்பதிவின் வழி தெரிந்துகொள்ளலாம். அழைத்தவர்கள் நல்லவர்கள், அன்பினால்தான் அழைத்தார்கள். ஆனால் அத்தலைப்பில் ஒரு சொல்லும் உண்மையில்லை. ஏன் என்று விளக்கவே இவ்வளவு நீளம்.

மொழியியல் படித்தவனுக்குரிய நோயோடு தொடங்குகிறேன். தமிழ் வினைகள் பல இணையாக வருகின்றன: உருள்–உருட்டு, திருந்து–திருத்து, ஆடு–ஆட்டு. கு. பரமசிவம் இவற்றை இயங்குவினை, இயக்குவினை என்று பிரித்தார். ‘பந்து உருண்டது’ என்று சொன்னால் உருட்டியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. வாக்கியத்தில் அவருக்கு இடமே இல்லை. இணைய ரம்மி பற்றிய செய்திகளை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். இளைஞர் ஆடினார், கடனில் மூழ்கினார், மனமுடைந்தார். உருட்டிய கை எங்கும் தென்படாது. இயக்குவினை வருவது பெரும்பாலும் ஒரே ஓரிடத்தில்தான்: ‘உயிரை மாய்த்துக்கொண்டார்’. அங்கும் இயக்கியவர் அவரே. ‘மீண்டேன்’ என்பதும் இந்த இலக்கணத்தின் மறுபக்கம். தானே விழுந்தவன் தானே எழுந்தான் என்று முடித்துவிட்டால் எல்லோருக்கும் வசதி.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 ஜனவரியில் அப்பா இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர் கலைந்த இரவில், உறக்கம் வராமல், ஒரு ரம்மிச் செயலியைத் தரவிறக்கினேன். துயரத்தில் இருப்பவனுக்கு ஆட்டம் மகிழ்ச்சி தருவதில்லை. அடுத்த சீட்டு விழும்வரை வேறு எந்த நினைவும் இல்லாத சில நொடிகளைத் தருகிறது. அந்த நொடிகளுக்காகத்தான் ஆடினேன். மார்ச்சில் அப்பாவின் ஆயுள் காப்பீட்டுத் தொகை 4,00,000 ரூபாய் என் கணக்குக்கு வந்தது. சாவு வீட்டில் துக்கமும் ரொக்கமும் ஒரே காலத்தில் வந்து சேர்வதைப் பற்றி ஏனோ யாரும் பேசுவதில்லை. மே மாதத்திற்குள் அதில் பாதி போய்விட்டது.

பிறகு ஐதராபாத்துக்குத் திரும்பினேன். விடுதி அறையில் செயலியைத் திறந்தால், உங்கள் மாநிலத்தில் பணம் வைத்து ஆட இயலாது என்று ஒரு வரி. தெலங்கானா 2017இலேயே இணைய ரம்மியைத் தடைசெய்துவிட்டது, ஆந்திரம் 2020இல். தமிழ்நாடு 2021இல் கொண்டுவந்த தடையை அவ்வாண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியிருந்தது. ஆகவே ஏழு வாரங்கள் நான் ஒரு சீட்டைக்கூடத் தொடவில்லை. பசித்தது, உறங்கினேன், ஓர் அத்தியாயத்தின் முதல் வரைவைக்கூட முடித்தேன். ஏழாவது வார இறுதியில் அம்மாவைப் பார்க்கப் புறப்பட்டேன். இரவு வண்டி சூலூர்பேட்டையைத் தாண்டிய விடியற்காலையில், பழைய நினைவில் விரல் செயலியைத் தொட்டது. அது திறந்தது.

அதன்பின் மாதம் இருமுறை ஊருக்குப் போனேன். “அவுங்க அப்பா போனதுலேருந்து புள்ள அடிக்கடி வந்து பாத்துட்டுப் போவுது” என்று அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம் சொன்னதை, கூடத்தில் படுத்து ஆடிக்கொண்டே கேட்டேன்.

மன உறுதி பற்றிப் பேசுவோர் விடை சொல்லட்டும்: தெலங்கானாவில் எனக்கிருந்த மன உறுதி தமிழ்நாட்டு எல்லையில் எப்படி இறங்கிப்போனது? என் குணம் அதுவே, துயரம் அதுவே, கைப்பேசியும் அதுவே. மாறியது ஒரு வாசல் மூடியிருந்ததும் திறந்திருந்ததும் மட்டுமே. (போலி இருப்பிடம் காட்டும் வழிகள் உண்டு என்று பின்னூட்டத்தில் எழுதப்போகும் நண்பர்களுக்கு: அறிவேன். எனக்கு அவை தேவைப்படவில்லை. இரவு வண்டி இருந்தது.)

படித்தவன் எப்படி ஏமாந்தாய் என்பார்கள். படித்ததனால்தான். இது ‘திறன் விளையாட்டு’ என்று விளம்பரம் சொன்னது. நினைவாற்றலும் வடிவங்களைக் கண்டறியும் பழக்கமும் உள்ள ஆய்வாளனுக்கு இதைவிட இனிய புகழுரை ஏது? அந்தச் சொல்லுக்குச் சட்ட அடித்தளமாகக் காட்டப்படும் 1968ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, நான் வாழும் இதே இரட்டை நகரில், செகந்திராபாத் மன்றம் ஒன்றில் நடந்த ரம்மி பற்றியது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்கவும், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என முடிவு செய்யவும் திறன் வேண்டும் என்றது அத்தீர்ப்பு. நிறுவனங்கள் இதைத் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டின. ஆட்டத்தை நடத்துவோர் அதிலிருந்து இலாபம் பெறுவதற்குச் சான்று இருந்தால் குற்றமாகலாம் என்று அதே தீர்ப்பு தொடர்ந்து சொன்னதை அவர்கள் மேற்கோள் காட்டிப் பார்த்ததில்லை. ஒவ்வொரு மேசையிலும் தன் பங்கை முன்கூட்டியே கழித்துக்கொள்ளும் செயலிகளுக்கு எந்தப் பகுதி பொருந்தும் என்பதை முதலாண்டு மாணவரும் சொல்லிவிடுவார்.

விட்டதைப் பிடிக்கும் வெறி ஒரு நோய்க்குறி. அமெரிக்க உளநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013இல் சூதாட்ட நோயை மது, போதைப் பொருள் அடிமைத்தனங்களோடு ஒரே அத்தியாயத்தில் சேர்த்தது. நானோ அதைத் திறமைக் குறைவு என்று நினைத்தேன். இன்னும் கவனமாக ஆடினால் போதும் என்று கடன் வாங்கினேன். ஆய்வு உதவித்தொகை ஐந்து மாதம் வராதிருந்த காலத்தில் உணவுக் கட்டணத்திற்கென்று தொடங்கியது, ஒரு செயலியின் தவணைக்கு இன்னொரு செயலியில் வாங்குவதில் முடிந்தது.

2023 மார்ச்சில் ஒரு கடன் செயலியின் வசூல்காரர், என் தொடர்புப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் என் புகைப்படத்தோடு ‘மோசடிக்காரன்’ என்று செய்தி அனுப்பினார். கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலைத் தொடவே கூடாது என்று 2022 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கக் கூடாது என்பதும் அவ்வாண்டின் உத்தரவே. எனக்கு அழைப்புகள் நள்ளிரவிலும் வந்தன. இவை விதிமீறல் என்றோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம் என்றோ அன்று எனக்குத் தெரியாது. வெட்கம் ஒருவனை இவ்வளவு அறியாதவனாக்கும்.

அச்செய்தி என் நெறியாளருக்கும் போயிற்று. மறுநாள் அறைக்கு அழைத்தார். அவர் தெலுங்கர், ஒரே சொல் கேட்டார்: “எந்த?” தெலுங்கில் அதற்கு ‘எவ்வளவு’ என்று பொருள். ஆண்டுக்கணக்கில் இங்கு வாழ்பவனுக்கு இது தெரியாததன்று. கலங்கிய என் தமிழ்க் காதில் மட்டும் ‘எந்தக் கடன்?’ என்று விழுந்தது. ஒரே தொகையாகச் சொல்ல வேண்டியவன் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். அவர் குறுக்கிடாமல் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தார். கடன் செயலிகள் ஐந்தில் 1,35,000. தனியார் நிதி நிறுவனம் 2,40,000. கடன் அட்டை 92,000. நண்பர்களிடம் 1,18,000. அம்மாவின் நகையை அடகு வைத்தது 1,65,000. கூட்டிப் பார்த்தபோது 7,50,000. அதுவரை அந்தத் தொகையை நான் கூட்டிப் பார்த்ததே இல்லை.

அந்தத் தாளிலிருந்து மற்றவை நடந்தன. ஒவ்வொன்றையும் பிறர் செய்தார்கள். ஆசிரியையான என் தங்கை ஒரு பொதுத்துறை வங்கியில் தன் சம்பளத்தைக் காட்டி 3,75,000 வாங்கி, செயலிகளையும் நிதி நிறுவனத்தையும் ஒரே வாரத்தில் அடைத்தாள். மாதம் 12,000 ரூபாய்க்குச் சற்று மேல், 36 தவணைகள். என் உதவித்தொகை அம்மாவும் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய கூட்டுக் கணக்குக்கு மாறியது. என் கைப்பேசியை அறைத்தோழன் வாங்கிக்கொண்டு பட்டன் கைப்பேசி ஒன்றைத் தந்தான். எட்டு மாதம் அதுதான். அரசு மருத்துவமனையின் உளநல மருத்துவர், அப்பாவின் சாவைப் பற்றி நான் அதுவரை எவரிடமும் பேசியதில்லை என்பதை மூன்றாம் சந்திப்பில் கண்டுபிடித்தார். அம்மா ஒரு சங்கிலியை விற்று மற்ற நகைகளை மீட்டார். ஆய்வு உதவித்தொகை 35,000இலிருந்து 42,000 ஆக முன்தேதியிட்டு உயர்ந்தபோது வந்த நிலுவை நண்பர்களுக்குப் போயிற்று. கடன் அட்டையைப் பேரம் பேசிக் குறைத்து முடித்தோம்; அதன் கறை என் கடன் தகவல் அறிக்கையில் இன்றும் உள்ளது. தங்கையின் வங்கிக்கு இன்னும் ஐந்து தவணைகள் மீதம். என் உதவித்தொகை அதற்கு முன்பே முடிந்துவிடும்.

அப்படியானால் உனக்குப் பொறுப்பே இல்லையா? இக்கேள்வி வரும், வரவும் வேண்டும். மேலே சொன்ன அதே இலக்கணம் என்னையும் விடுவதில்லை. ஏமாறு–ஏமாற்று என்பதும் ஓர் இணை. நிறுவனத்திடம் ஏமாந்தேன், அம்மாவை ஏமாற்றினேன். நகையைப் பல்கலைக்கழகக் கட்டணத்திற்கு என்று சொல்லி வாங்கியது நான். அந்த வினைக்கு வேறு எழுவாய் கிடையாது. அதற்கான கணக்கை அம்மாவிடம் தீர்த்துக்கொண்டிருக்கிறேன். மேடையில் அதைத் தீர்க்க முடியாது.

ஆனால் என் பொய்க்கு நான் பொறுப்பேற்பதால் பிறருடைய பொறுப்பு கழிந்துவிடாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணையப் பண விளையாட்டுகளைத் திறன், தற்செயல் என்ற வேறுபாடின்றித் தடைசெய்தது. அப்போது அரசுத் தரப்பில் சொல்லப்பட்ட மதிப்பீடு: 45 கோடிப் பேர், ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 கோடி ரூபாய் இழப்பு. 45 கோடிப் பேருக்கு ஒரே நேரத்தில் மன உறுதி குன்றிவிட்டது என்று வாதிட எவரேனும் உண்டா? ஆடியவரை அச்சட்டம் தண்டிப்பதில்லை என்பது நன்று. ஏற்கெனவே கடனாளியானவருக்கு அதில் வழியும் இல்லை. 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தில் எளியோருக்கு ‘புதிய தொடக்கம்’ என்றொரு பகுதி உண்டு. ஆண்டு வருமானம் 60,000, சொத்து 20,000, கடன் 35,000 ரூபாய்க்கு மிகாதோருக்கானது. இவ்வளவு குறுகிய வாசலையும் இதுவரை திறக்கவில்லை. தனிமனிதர் பற்றிய பகுதி, நிறுவனக் கடன்களுக்குப் பிணை நின்றோர் அளவில் மட்டுமே நடைமுறைக்கு வந்துள்ளது. நொடித்த நிறுவனத்திற்கு மறுவாழ்வுத் திட்டம் தீட்டக் குழு அமர்கிறது. நொடித்த மனிதனுக்குத் தங்கை இருக்க வேண்டும். தங்கை இல்லாதவன் என்ன செய்வான் என்பதே என் கேள்வி.

நம் வளாகத்திற்கு வருவோம். கருத்தரங்கில் கட்டமைப்பைப் பற்றி நாற்பது நிமிடம் பேசிவிட்டு, உணவகத்தில் “அவனுக்குக் கொழுப்பு” என்று முடித்தவர்களை எனக்குத் தெரியும். உதவித்தொகை மாதக்கணக்கில் நின்றபோது ஆய்வாளர்கள் எங்கே கடன் வாங்கினார்கள் என்று எந்த மனநல வாரமும் கேட்டதில்லை. விடுதியில் இப்போதும் சட்டத்துக்குப் புறம்பான வெளிநாட்டுப் பந்தயத் தளங்களில் இரவெல்லாம் விழித்திருப்போர் உள்ளனர். அவர்களில் எவரேனும் இதைப் படித்தால்: டெலி மானஸ் 14416, எந்நேரமும் பேசலாம். என் அறைக்கும் வரலாம். தாளும் பேனாவும் இருக்கின்றன. ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.

மாணவர் மன்றத்திற்கு மறுமொழி அனுப்பிவிட்டேன். தலைப்பில் ‘மன உறுதியால்’ என்பதை நீக்கி, ‘மீண்டேன்’ என்பதை ‘மீட்டார்கள்’ என்று மாற்றினால் வருகிறேன். உதவித்தொகைப் பிரிவு அலுவலரையும் அதே மேடையில் அமர்த்த வேண்டும் என்று எழுதினேன். நான்கு நாளாகிறது. பதில் இல்லை.