தப்பும் தன்னுரிமையும்: சப்ரகமுவத் தோட்டங்களின் இசை குறித்து ஒரு விவாதம்

மலையகக் கலைகளைப் பற்றிப் பேசப்படும் அரங்குகளில் இரண்டு குரல்கள் அடிக்கடி கேட்கின்றன. கிற்றாரையும் ஒலிபெருக்கியையும் கையிலெடுக்கும் தோட்டத்து இளைஞன் மேனாட்டு இரைச்சலுக்கு அடிமையாகிவிட்டான் என்று வருந்துவது ஒன்று. தப்பும் காமன் கூத்தும் அழிந்து போகின்றன, அவற்றைப் பேணுவது சமுதாயக் கடமை என்று முழங்குவது மற்றையது. ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினும் இவ்விரண்டும் ஒரே மேடையின் இரு குரல்களேயாகும். இசைப்பவன் யார், என்ன வேலை செய்து உண்கின்றான், யாருடைய கட்டளைக்கு இசைக்கின்றான் எனும் வினாக்களை இரண்டுமே எழுப்புவதில்லை. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களைப் பொறுத்தவரை முதலில் எழுப்பப்பட வேண்டியவை அவ்வினாக்களேயாம்.

இரைச்சல் என்று பழிக்கப்படும் இசையிலிருந்தே தொடங்குவது பொருத்தமானது. 1970களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் வேலையின்மையும் விலைவாசியும் இளைஞரை வாட்டிய வேளையில், பங்க் எனப்படும் இசை அங்கே பரவிற்று. மூன்று சுரக்கட்டுகளை மட்டுமே அறிந்தவர்கள் மேடையேறினர். 1977 ஜனவரியில் மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்கொக்ஸ் குழுவினர், ஏறத்தாழ 500 பவுண் கடன் வாங்கித் தம் இசைத்தட்டைத் தாமே வெளியிட்டனர். பெருங் கம்பனியொன்றின் அனுமதிக்குக் காத்திராமல் பாடலாம், பதிக்கலாம், விற்கலாம் என்பதை அச்சிறு தட்டு உணர்த்திற்று. அதே ஆண்டில் அரசியின் வெள்ளிவிழாவையொட்டி செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு வெளியிட்ட பாடலை பிபிசி ஒலிபரப்ப மறுத்தது. ஒலிபரப்பு மறுக்கப்பட்ட நிலையிலும் அப்பாடல் விற்பனைப் பட்டியலின் இரண்டாம் இடத்தை எட்டிற்று.

கிரஞ்ச் இசையின் வரலாறு இன்னும் நெருக்கமான பாடத்தைத் தருகின்றது. அமெரிக்காவின் வடமேற்கில் உள்ள அபர்டீன் மரம் வெட்டுந் தொழிலால் வாழ்ந்து, அத்தொழில் நலிய நலிந்த சிற்றூர். நிர்வாணா குழுவின் கேட் கோபேன் அவ்வூரவர். பள்ளியொன்றில் துப்புரவுத் தொழிலாளியாக வேலை பார்த்தவர். 1989இல் வெளிவந்த அவர்களது முதல் இசைத்தட்டின் ஒலிப்பதிவுச் செலவு 606 டொலர் 17 சதம் மாத்திரமே. ஆயின், 1991இல் பெருங் கம்பனியின் மூலம் வெளிவந்த இரண்டாவது தட்டு உலகெங்கும் விற்றதும் நிலைமை மாறிற்று. மரவெட்டிகளும் ஏழை இளைஞரும் குளிருக்காக அணிந்த கட்டம்போட்ட சட்டையை 1992இல் நியூயோர்க்கின் ஆடை வடிவமைப்பாளர்கள் பட்டிலே தைத்து அழகிகளுக்கு அணிவித்தனர். உழைப்பவனின் குரலை அடக்கத் தடைச்சட்டம் எப்போதும் தேவைப்படுவதில்லை. அதனை அலங்காரமாக்கி விற்றாலும் போதும். சப்ரகமுவத் தோட்டங்களின் தப்புக்கு இன்று நேர்ந்து கொண்டிருப்பதும் இத்தகையதே.

தோட்டத்தில் தப்பின் வரலாறு வெறும் கலை வரலாறன்று. விடியுமுன் லயங்களில் உறங்கியோரை எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு அழைத்தது அதன் ஒலியே. துரையின் கடிகாரம் தொழிலாளியின் தோற்கருவி வழியாகவே பேசிற்று. அதிகாலையில் எழுந்த அப்பறையொலியை சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தம் ஆங்கிலக் கவிதையிற் பதிவு செய்துள்ளார். இறப்பர் தோட்டங்கள் மிகுந்த கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளில் இந்த விடியற்காலக் கட்டாயம் இன்னும் கடுமையானது. வெயில் ஏறுமுன்னரே பால் நன்கு வடியுமாதலால், பால்வெட்டுவோர் இருள் பிரியும் வேளையிலேயே மரத்தடியில் நிற்க வேண்டியவராவர். அதே தப்பு மாசி மாதத்துக் காமன் கூத்திலும், மாரியம்மன் திருவிழாவிலும், இழவு வீட்டிலும் ஒலித்தது. அவ்விடங்களிலும் அதை அடிப்பவன் தன் விருப்பின்படி அடித்தானல்லன். இன்ன சாதியிற் பிறந்தவன் இன்ன வேளையில் அடித்தேயாக வேண்டும் என்பது கடல் கடந்து வந்த வழக்கமாகும். பகலில் மண்வெட்டி பிடித்த கை துரைக்காக ஒரு வேளையும், ஊருக்காக மற்றொரு வேளையும் தப்பை அடித்தது.

எனவே, உழைப்பாளிகளே கலைஞராக அமைந்த இசைக்குழு சப்ரகமுவவுக்குப் புதிதன்று. பங்க் தோன்றுவதற்கு நூறாண்டுக்கு முன்னரே அது லயத்தில் இருந்தது. இல்லாதிருந்தது தன்னுரிமை. எதை, எப்போது, எவ்வளவு கூலிக்கு இசைப்பது, எப்போது மறுப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையே இங்கு தன்னுரிமை எனப்படுகின்றது. இதனை உணராதவர்களே இளைய தலைமுறை தப்பைக் கைவிடுவதைக் கண்டு கண்ணீர் வடிக்கின்றனர். தகப்பன் தலைகுனிந்து அடித்த கருவியை மகன் தொட மறுப்பது பண்பாட்டு வீழ்ச்சியன்று. அது அவனுக்குக் கிடைத்த முதல் விடுதலை. அவ்விடுதலையைப் பழித்துவிட்டுத் தப்பை மாத்திரம் காப்பாற்ற முனைவோர், உண்மையில் காப்பாற்ற விரும்புவது சாதி ஊழியத்தையே என்ற ஐயம் எழுவது இயல்பு.

தமிழ்நாட்டிலே தலித் மக்கள் இழவுக்கும் திருவிழாவுக்கும் பறையடிக்க மறுத்துப் போராடினர். அதன் உடனிகழ்வாகவும் தொடர்ச்சியாகவும், தாம் விரும்பிய மேடையில், தாம் விரும்பிய பொருளுக்காக அதனை மீண்டும் கையிலெடுத்தனர். திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில், ஆண்களுக்கே உரியதெனக் கருதப்பட்ட பறையைத் தலித் பெண்கள் அடித்தனர். 2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் வடசென்னைக் கானாப் பாடகரும், றப் பாடகரும், றொக் இசைஞரும், பறையும் சட்டியும் அடிப்போரும் ஒருங்கு நின்றனர். திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைஞர் தென்மாவும் உருவாக்கிய அக்குழுவின் பெயர், அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதிபேதமற்ற தமிழர்’ எனும் கருத்திலிருந்து எடுக்கப்பட்டது. இட ஒதுக்கீடும் ஆணவக் கொலையும் அங்கே பாட்டின் பொருளாயின. அம்மேடையில் கிற்றார் பறையை விழுங்கிவிடவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்விடத்தில், மேனாட்டுக் கருவியும் மேனாட்டு முறையும் தமிழுக்கு ஆகாதவை என்போரின் வாதத்தைச் சற்று நோக்கலாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கருநாடக இசைக்குள் கொணர்ந்தார். இன்று அதனை அந்நியக் கருவி என்பாரில்லை. நாடக மேடை ஆர்மோனியத்தை ஏற்றது. 1970களில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பைலாவின் தாளத்தில் ஈழத்துத் தமிழ்ப் பொப் பாடல்களைப் பாடியபோதும் இதே முகச்சுளிப்பு எழுந்தது. மக்களோ அவற்றைத் திருமண வீடுகளிற் பாடி ஆடினர். கற்றோர் கொணர்ந்தால் வளர்ச்சி, லயத்து இளைஞன் கொணர்ந்தால் சீரழிவு என்பது இசை விமர்சனமாகாது. அது வர்க்கத் தீர்ப்பு. ஆங்கில வசைச்சொல்லையும் கிழிந்த காற்சட்டையையும் மட்டும் இரவல் வாங்கும் இளைஞரும் உளர் என்பது மெய்யே. அவர்கள் பங்க் இசையின் உடையைக் கண்டவர்கள். கடன் வாங்கித் தன் தட்டைத் தானே பதித்த துணிவைக் காணாதவர்கள். அத்துணிவும் மலையகத்துக்கு இறக்குமதிச் சரக்கன்று. 1931இல் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை நிறுவிய கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மையார் தொழிலாளர் கூட்டங்களிற் பாடினார். தாம் எழுதிய பாடல்களை 1940இல் சிறு நூலாக வெளியிட்டார்.

சப்ரகமுவவுக்கெனத் தனிப்பட்ட காரணமொன்றும் உண்டு. மலையகம் என்றவுடன் நுவரெலியா மாவட்டத்தின் தேயிலைச் சரிவுகளே கண்முன் நிற்கின்றன. இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை, தெஹியோவிற்ற, எட்டியாந்தோட்டைப் பகுதிகளின் தோட்டங்களோ சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடப்பவை. 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தபோது இங்குள்ள லயங்களும் பிளவுண்டன. 1977இலும் 1981 ஆகஸ்டிலும் நிகழ்ந்த வன்செயல்களில் இரத்தினபுரி மாவட்டத் தோட்ட மக்கள் தாக்கப்பட்டனர். பலர் வடக்கு நோக்கி ஓடினர். அத்தகைய மக்கள், உரத்துப் பேசாதிருப்பதே பாதுகாப்பு என்று தம் பிள்ளைகளுக்குக் கற்பித்ததில் வியப்பில்லை. ஒலிபெருக்கியின் முன் நின்று தன் தோட்டத்தின் பெயரைச் சொல்லிப் பாடும் இளைஞன் அவ்வச்சத்தையே மீறுகின்றான். அவன் எழுப்பும் ஓசையை இசையிலக்கண நூலால் மட்டும் அளந்துவிட முடியாது.

ஆயினும், அவ்வோசை இனப்பகையின் ஓசையாகிவிடுதலும் கூடாது. 1978 ஏப்ரல் 30ஆம் நாள் இலண்டன் விக்டோரியா பூங்காவில், நிறவெறியை எதிர்த்துத் திரண்ட பெருங் கூட்டத்தின் முன் பங்க் குழுக்களும், கறுப்பினத்தவரின் றெகே இசைக்குழுவும் ஒரே மேடையில் இசைத்தன. சப்ரகமுவவில் இதற்கு நிகரான வாய்ப்பு அண்டை வீட்டிலேயே இருக்கின்றது. இறப்பர் மரத்தில் பால்வெட்டும் சிங்களத் தொழிலாளியும் உண்டு. இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் சேறள்ளும் சிங்கள இளைஞனும் உண்டு. 1936இல் கலாநிதி என். எம். பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பிய ருவான்வெல்லத் தொகுதி இம்மாகாணத்திலேயே உள்ளது. தப்பும் பெரேயும் கிற்றாரும் கூடிய, இரு மொழியிலும் பாடும் தொழிலாளர் குழுவொன்று தோன்றுதற்கு இத்தீவில் இதனினும் பொருத்தமான நிலம் அரிது.

தன்னுரிமை இல்லாத புகழ் எத்தன்மையது என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று போதும். 2021 மார்ச்சில் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ எனும் பாடலின் வேர், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழ்நாடு திரும்பிய, பாடகர் அறிவின் பாட்டியாரது வாழ்வில் இருக்கின்றது. கோடிக்கணக்கானோர் அதனைக் கண்டனர். அவ்வாண்டிலேயே சஞ்சிகையொன்றின் அட்டைப்படத்தில் அறிவு இடம்பெறாமை கண்டனத்துக்குள்ளாயிற்று. 2022இல் பாடலை ஆக்கியவர் யார் என்பது குறித்துப் பகிரங்க விவாதம் மூண்டது. 2024இல், அப்பாடலால் தமக்கு ஒரு ரூபாயேனும் வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் அறிவித்தார். திரையுலகில் நிலைபெற்ற இசையமைப்பாளருக்கே இக்கதி எனில், நாட்சம்பளம் 1,000 ரூபாயை எட்டுவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்த தோட்டத் தொழிலாளியின் பாட்டுக்கு என்ன காவல் உண்டு?

பல்கலைக்கழகங்கள் இதில் வெறும் பார்வையாளரல்ல. சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இரத்தினபுரி மாவட்டத்தின் பெலிஹுல்ஓயாவில், தோட்டங்களுக்கு அண்மையிலேயே அமைந்துள்ளது. எனினும் தமிழ்ச் சங்க விழாக்களில் தப்புக் குழுவினருக்கு உரிய இடம் பெரும்பாலும் வாசலேயாகும். பிரதம விருந்தினரை வாசலிலிருந்து மண்டபம் வரை அழைத்து வருவது அவர்கள் பணி. அதன்பின் மேடை பரதத்துக்கும் பட்டிமன்றத்துக்கும் உரியதாகின்றது. பெரட்டுக்கு ஆளழைத்த தப்பு இன்று விருந்தினருக்குக் கட்டியம் கூறுகின்றது. அழைப்பவர் மாறினரேயன்றி ஏவல் மாறவில்லை. ஆய்வாளரோ லயத்துக்குச் சென்று ஒப்பாரியையும் தாலாட்டையும் பதிவு செய்கின்றனர். கட்டுரை வெளிவருகின்றது, பட்டம் கிடைக்கின்றது, பாடிய பெண்ணின் பெயர் ‘தகவலாளி’ எனும் சொல்லுக்குள் மறைந்து விடுகின்றது.

இதற்கு மாற்று யாது என்று கேட்பின், விடை பெரும் பொருட்செலவை வேண்டுவதன்று. தப்புக் குழுவை அழைப்போர் அவர்களுக்கு இழந்த நாட்கூலியையும் கலைஞருக்குரிய கட்டணத்தையும் வழங்க வேண்டும். வரவேற்புக்கென அன்றி, நிகழ்ச்சிக்கென அழைத்து, எதைப் பாடுவது என்பதை அவர்களிடமே விட வேண்டும். அவர்கள் நிர்வாகத்தையோ, தொழிற்சங்கத் தலைவரையோ, அழைத்த சங்கத்தையோ சாடிப் பாடினும் ஒலிவாங்கியை நிறுத்தலாகாது. பதிவு செய்யப்படும் ஒவ்வொரு பாட்டும் பாடியவர் பெயரோடும் உரிமையோடும் அவரிடமே திரும்ப வேண்டும். பல்கலைக்கழகத்தின் ஒலிப்பதிவுக் கருவிகள் விடுமுறை நாட்களில் தோட்டத்து இளைஞருக்கும் யுவதியருக்கும் திறந்துவிடப்பட வேண்டும். இவற்றுள் ஒன்றையேனும் செய்ய மறுத்துக்கொண்டு மலையகப் பண்பாட்டின் அழிவைப் பற்றி ஆண்டுதோறும் கருத்தரங்கு நடத்துவோர், அப்பண்பாட்டின் காவலர் எனத் தம்மை அழைத்துக்கொள்ளும் தகுதியை இழந்தவராவர்.